கதவுக்கு என்னைத் தெரியவில்லை

ரோபோ ஆய்வகத்தில் எப்படிச் சேருவது என்று
கேட்டிருந்தாய், அபிஷா.
மூன்று நாளாகப் பதில் போடவில்லை, கோபிக்காதே.
இங்கே ஒரு கை கெட்டுக் கிடந்தது.
இயந்திரத்தின் கை.

முறைப்படி என்றால்
இரண்டாம் ஆண்டு முடித்திருக்க வேண்டும்,
அரியர் கூடாது,
ஒரே பக்கத்தில் ஒரு கடிதம்.
பக்கம் தாண்டினால் தாணுலிங்கம் சார் வாசிக்க மாட்டார்.
தாண்டாவிட்டாலும் முதல் பத்திதான்.
என் முதல் பத்தியில்
‘சிறு வயதிலிருந்தே ரோபோக்கள் மேல் ஆர்வம்’
என்று எழுதியிருந்தேன்.
பொய்யாக்கும்.
சிறு வயதில் எனக்கு ஆர்வம்
மார்த்தாண்டம் சந்தையின் நேந்திரங்காய் சிப்ஸ் மேல்.
பதிலே இல்லை.

அடுத்த கடிதத்தில்
தெரிந்த மென்பொருள்களை வரிசையாக எழுதினேன்,
தெரியாத இரண்டையும் சேர்த்து.
மூன்றாவதில் ஒரே வரி:
‘பழுதானதைக் கழற்றத் தெரியும், பூட்டுவதில் சந்தேகம்.’
அன்று இரவே பதில் வந்தது:
வியாழன் நாலு மணி. ஸ்க்ரூடிரைவர் கொண்டுவரவும்.

கருங்கலில் ஏறி
திங்கள்சந்தையில் மாறி
நாகர்கோவிலில் இன்னொன்று பிடித்து
ஆரல்வாய்மொழியில் இறங்கினால்
காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே காற்று
என் மார்க் ஷீட்டைப் பிடுங்கிப் பார்த்தது.
துரத்திப் பிடித்தேன்.
நீ வரும்போது ஃபைலுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்,
கேட்டியா.

மேசையில் ஒரு மோட்டார்.
“இது ஏன் முனகுது?”
தெரியாது சார்.
“தெரியல்லைன்னா?”
கழற்றுவேன்.
கழற்றினேன். பூட்டினேன்.
முனகல் அப்படியே இருந்தது,
ஒரு திருகாணி மிச்சம்.
அதை என் உள்ளங்கையில் வைத்து
“இது எந்த வீட்டுப் பிள்ளைன்னு கண்டுபிடிச்சிட்டு வா” என்றார்.

நாலு நாள்.
கடைசியில் தெரிந்தது:
அது அந்த மோட்டாருடையதே இல்லை,
மேசையில் முன்பே கிடந்திருக்கிறது.
அவருக்குத் தெரிந்துதான் கொடுத்தாரா
என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

சேர்த்துக்கொண்டார்கள்.
றெக்ஸின் அண்ணன் வாசலில் நின்று
விரலை வை என்றார்.
சிவப்பு.
வேறு விரல். சிவப்பு.
பத்தும் சிவப்பு.
லீவு முழுக்க அண்டி ஆபீஸில் கொட்டை தல்லினேன்,
செமஸ்டர் ஃபீஸுக்காக.
சாம்பல் பூசிக்கொண்டாலும்
தோட்டு எண்ணெய் தோலைத் தின்னும்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
‘மெஷின் பழசு’ என்று அவரே சொன்னார்,
நானும் ஆமாம் என்றேன்.

மூன்று மாதம் தட்டித்தான் உள்ளே போனேன்.
ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர்
சாலிடரிங்கைப் போட்டுவிட்டு எழுந்து வர வேண்டும்.
சேர்ந்ததும் ரோபோ செய்வாய் என்று நினைக்காதே.
நான் தரை கூட்டினேன், கேபிள் சுற்றினேன்,
பதினோராயிரம் படங்களைத் திறந்து
ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதினேன்:
பிடித்தது.
நழுவியது.
நழுவியது.
பிடித்தது.
நழுவியது.

நழுவல் அதிகம் என்பதால்
சிலிக்கான் விரல்களை மாற்றி வார்த்தார்கள்.
வழுவழுப்பு உதவாதாம்,
நுனியில் ரேகை வேண்டும்.
அச்சுக்குள் ரேகை கீறும் வேலை எனக்கு.
பூதக்கண்ணாடிக்குக் கீழே
வளைவு வளைவாக
ஒரு மத்தியானம் முழுக்கக் கீறினேன்.
சோறு இறங்கவில்லை.
பசி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சகாய றீனா அக்கா
வார்த்து மிஞ்சிய விரல் ஒன்றை எடுத்து
வாசல் மெஷினில் என் பெயரில் பதிந்துவிட்டாள்.
சும்மா விளையாட்டுக்கு.
எழுந்து எழுந்து அவளுக்கும் முட்டு வலித்திருக்கும்.
பச்சை.

அதனால் இப்போது
என் ஜியாமெட்ரி பாக்ஸில்
காம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு விரல் இருக்கிறது.
காலையில் அதை எடுத்து நீட்டுவேன்,
‘வணக்கம் ஷைஜி’ என்று கதவு எழுதிக் காட்டும்.
சாருக்கு இது தெரியாது. நீயும் சொல்லாதே.

வேறென்ன.
கடிதத்தில் ஆர்வம் என்ற சொல் வேண்டாம்.
வியாழக்கிழமை வா, திங்களன்று அவருக்கு வகுப்பு.
நட்சத்திர முனை உள்ள ஸ்க்ரூடிரைவர்.
கதவு திறக்காவிட்டால் பலமாகத் தட்டு,
உள்ளே கம்ப்ரஸர் ஓடும், காது கேட்காது.

என் இடது மோதிர விரலில்
தோல் திரும்பி வருகிறது,
ஓரத்தில் இரண்டு மூன்று கோடுகள்.
கதவில் இன்னும் வைத்துப் பார்க்கவில்லை.