கடைமடைக்கு இன்னும் வரவில்லை

சிறப்பு விருந்தினர் வரத் தாமதம்.
நாலேமுக்கால் விசில் ஐந்தரைக்குத்தான் ஊதியது.
கரந்தை தாண்டும்வரை காற்றில் ஈரம் இருந்தது.
அதை நம்பிவிட்டேன்.

கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று
நோட்டில் அடித்து அடித்து எழுதிய கணக்கு
வடவாற்றுப் பாலத்திலேயே உடைந்தது:
ஐந்து இருபது.
கைக்கடிகாரம் கீச்கீச்சென்று கத்தியது.
தேருக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி
கால்கள் கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடின.

சொல்ல வெட்கமாக இருக்கிறது.
நான் வெண்ணாற்றுப் பிரிவில் வேலை பார்க்கிறவள்.
எந்த ஷட்டரை எத்தனை அடி ஏற்றுவது,
எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை,
எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது.
தலைமடைக்காரர் ராத்திரியில் பலகையைத் தூக்கினால்
டார்ச்சோடு போய்ச் சண்டை போட்டிருக்கிறேன்.

வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி.
தையில் மேட்டூரை மூடியாயிற்று.
பங்குனியில் பாலத்துக்குப் பாலம் மணல்தான்,
நடுவில் ஒரு நாய், ஒரு கிரிக்கெட் ஸ்டம்ப்.
ஐந்து ஆறு கடந்தும்
காகிதக் கப்பில் அரைவாய்த் தண்ணீர்.
எனக்கு முன்னால் முப்பது பேர்கூட இல்லை.
பெருமையாக இருந்தது.
பொய் எதற்கு, ரொம்பவே பெருமையாக இருந்தது.

கல்லணைச் சாலையில், இருபத்தொன்றில் திரும்பல்.
ஆரஞ்சுக் கூம்பைச் சுற்றியதும்
அதுவரை முதுகைத் தட்டிக்கொடுத்த வெயில்
முகத்தில் அறைந்தது.

இருபத்தெட்டில் உளுந்து.
வண்டி ஏறி உதிரட்டும் என்று
பிடுங்கிய செடியைச் சாலை நெடுகப் பரப்பியிருந்தார்கள்.
எங்களுக்காகப் போலீஸ் வண்டிகளை மறித்ததில்
விடிந்ததிலிருந்து ஒரு சக்கரமும் ஏறவில்லை.
தலையில் துண்டு கட்டிய பெண் கத்தினாள்:
"ஓரமா நழுவாதீங்க, நடுவுல மிதிச்சிட்டுப் போங்க!"
மிதித்தேன்.
காலடியில் நெற்றுகள் படபடவென்று வெடித்தன.
அப்போதுதான் கவனித்தேன்,
கடிகாரம் கத்துவதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

அதன்பிறகு ஓட்டம் என்று சொல்ல முடியாது.
காவிரிப் பாலத்தில் கைப்பிடிச் சுவர் சுட்டது.
கண்டியூரில் வலது தொடையை யாரோ
வைக்கோல் பிரிபோல முறுக்கினார்கள்.
உப்புக்கல்லை நாக்கில் வைத்தால்
உப்புகூட இனிக்கிறது.

திரும்ப வெண்ணாறு. முப்பத்தாறு.
ஐந்து மணிநேரக் கொடி கட்டிய செல்வகணபதி,
அம்மாப்பேட்டை உடற்பயிற்சி வாத்தியார்,
வயலில் இறங்கிய வாத்துமந்தைபோல்
பன்னிரண்டு பேரை ஓட்டிக்கொண்டு கடந்தார்.
காலையில் இந்த மந்தையைப் பார்த்துத்தான் சிரித்தேன்.
ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.
அதற்கு அவர்களிடம் மூச்சு இருந்தது, ஆனாலும்.

என் அலுவலகத் தகரப்பலகை தெரியும் இடத்தில்
உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொரு ஆவணியிலும் போன் வரும்.
தலைஞாயிறு பக்கத்து வீரசேகரன்.
"மேடம், உங்க பக்கம் கரை வழியுதாம்.
எங்களுக்கு நாக்கு நனையல."
"தண்ணி வந்துகிட்டிருக்கு சார்" என்பேன்.
வைத்துவிட்டு டீ குடிப்பேன்.

இப்போது இடதுகால் சுண்டுவிரல் கூப்பிடுகிறது.
ஷூவுக்குள் நகம் கழன்றிருக்க வேண்டும்.
வந்துகிட்டிருக்கு, என்றேன் அதனிடம்.
அது நம்பவில்லை.
ஒரு புளியமர நிழலிலிருந்து அடுத்த புளியமர நிழலுக்கு
முறை வைத்தேன்:
நூறு அடி ஓட்டம், ஐம்பது அடி நடை.
நாலு மணிநேரம் தாமதமாக
என் கையெழுத்து எனக்கே செல்லுபடியானது.

பத்தேமுக்கால்.
ஸ்டேடியம் வாசலில் காற்று இறங்கிய வளைவை
ஒரு பையன் பாய்போலச் சுருட்டிக்கொண்டிருந்தான்.
மெடலைக் கழுத்தில் போடாமல் கையில் கொடுத்தான்.
"பின்னால யாராச்சும் இருக்காங்களாக்கா? மூடிரலாமா?"

திரும்பிப் பார்த்தேன்.
சாலை முழுக்கக் கானல்,
பங்குனியில் ஓடுகிற ஒரே ஆறு.

"வந்துகிட்டிருக்காங்க" என்றேன்.
சொல்லிவிட்டுப் போகத்தான் பழக்கம்.
கேனைச் சாய்த்துக் கடைசிக் கப்பை நிரப்பி
வெயிலில் பிடித்தபடி நின்றேன்.