வேலியோர நாற்காலி

என் நாற்காலியின் பின்னங்கால்கள் இரண்டும்
புல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.
முதல் உரைக்கு ஒரு விரற்கடை.
மணமகனின் அத்தை பேசி முடித்தபோது
நான் மெல்ல
வானம் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

ஃபியூன் தீவில், ஜூன் கடைசியில்,
இரவு எட்டு மணி என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்.
வெயில் இன்னும்
உருளைக்கிழங்குத் தட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை.
ஆப்பிள் மரத்தில் நாற்பது காகித விளக்குகள்,
அழைத்துவிட்டு யாரும் பேசாத விருந்தாளிகள் போல.

யாரோ முள்கரண்டியால் கோப்பையைத் தட்டினார்கள்.
ஒன்று, ஏழு, எழுபது கோப்பைகள்.
சோல்வாயும் ட்ரோல்ஸும்
நாற்காலி மேல் ஏறி நின்று முத்தமிட வேண்டும்.
அது எங்கள் ஊர்ச் சட்டம்.
எல்லோரும் காலால் தரையை உதைத்தால்
மேசைக்கு அடியில் போய் முத்தமிட வேண்டும்.
அதுவும் சட்டம்.
உதைத்தோம்.
புல்தரையில் சத்தம் எழாது என்று
தோட்டத்தில் கல்யாணம் வைத்த எவருக்கும் தோன்றவில்லை.
மணமக்கள் புரியாமல் கையசைத்தார்கள்.

பிறகு சோல்வாய் பேச எழுந்தாள்.
தாளைப் பிரித்தாள்.
வேலிக்கு அந்தப் பக்கம்
புல்வெட்டும் இயந்திரம் உறுமத் தொடங்கியது.

ப்ரேபனின் பார்வை மேசை மேசையாக நகர்ந்து
கடைசியில் என்மேல் வந்து நின்றது.
வேலியோரம் இடம் கிடைத்தவளுக்கு
வேலையும் அங்கேதான்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு,
பீச் செடிகளின் இடுக்கில்
பச்சைப் பட்டின் ஓரத்தைக் கொஞ்சம் பறிகொடுத்து
அந்தப் பக்கம் விழுந்தேன்.

மரச்செருப்பு, காதில் ஆரஞ்சு நிற அடைப்பான்.
ஏகோன்.
"இங்கே கல்யாணம் நடக்கிறது" என்றேன்.
"தெரியும்" என்றார்.
"கூடாரக் கம்பம் வந்தது பார்த்தேன்.
நாற்காலி வந்தது. அக்கார்டியன்காரன்கூட
வழி தெரியாமல் என் வாசலில்தான் நின்றான்.
அழைப்புக்கு மட்டும்
இந்த வாசல் தெரியவில்லை."
இரண்டு வருடம் முன்பு,
வேலியின் உயரத்தில் அரை முழம்.
அதுதான் தகராறு.
என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.
அவருக்கும் அதற்குமேல் இல்லை போல.
இயந்திரத்தை அணைத்தார்.

அந்த அமைதிக்குள்
இலைகளைத் தாண்டி சோல்வாயின் குரல் வந்தது.

"...அந்தப் பிப்ரவரியில், ராத்திரி இரண்டு மணிக்கு
ஒருத்திக்குத்தான் போன் செய்தேன்.
பனியில் நான்கு மணி நேரம் ஓட்டி வந்தாள்.
என்னையும் என் தையல் இயந்திரத்தையும்
ஏற்றிக்கொண்டாள்.
என்ன நடந்தது என்று கேட்கவில்லை.
வழி முழுக்க
டயர் விலையைப் பற்றியே பேசினாள்.
இன்றுவரை கேட்கவில்லை."

சிரிப்பு. கைதட்டல்.
அப்புறம் எழுபது தலைகள் திரும்பும் ஓசை,
அப்படி ஓர் ஓசை இருக்குமானால்.
"எங்கே அவள்?"

ஏகோன் காதடைப்பானைக் கழுத்துக்கு இறக்கினார்.
"நீங்களா?"
"ம்."
"டயர் விலையா?"
"அந்த வருடம் ரொம்ப ஏறியிருந்தது."
கண்ணைத் துடைத்துக்கொண்டு,
வெட்டிய புல் எனக்கு ஆகாது என்றேன்.
அவர் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

வேலிக்கு மேலே காகித விளக்குகள் குலுங்கின.
மறுபடி உதைக்கிறார்கள்.
மறுபடி சத்தமில்லை.
"என்ன செய்கிறார்கள் அங்கே?"
"மேசைக்கு அடியில் முத்தம் கேட்கிறார்கள்."
"புல்லிலா!" என்றார்,
வாழ்நாளில் இப்படியொரு மடத்தனம் கேட்டிராதவராக.

நேரே போய்
நிலவறையின் பலகைக் கதவு மேல் ஏறினார்.
மரச்செருப்போடு ஓங்கி மிதித்தார்.
தட்.
தட். தட். தட்.
மூன்று வீடு தள்ளி ஒரு நாய் பதில் சொன்னது.

அந்தப் பக்கம் ஒரு நொடி எதுவும் இல்லை.
பிறகு மேசைவிரிப்பு இழுபட்டு
ஒரு கோப்பை உடைந்தது.
கூச்சல்.
இறங்கிவிட்டார்கள் போல.
"யார் அது?" என்றது ட்ரோல்ஸின் குரல்,
தரை மட்டத்திலிருந்து.
ஏகோன் பதில் சொல்லவில்லை.
இன்னும் இரண்டு முறை மிதித்தார்.

அரை மணி கழித்து
நான் உடைந்த கோப்பையைப் பொறுக்கிவிட்டு வந்தபோது
என் நாற்காலியில் அவர்.
அவர் எடைக்கு அது உட்காரும் பலகைவரை இறங்கி
மேசை அவர் தாடைக்கு வந்திருந்தது.
யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.
ட்ரோல்ஸ் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தான்,
சற்று அதிகமாகவே.

நான் நின்றபடியே சாப்பிட்டேன்.
உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது.
சோல்வாய் தூரத்திலிருந்து என்னைப் பார்த்து
கையால் ஒரு ஸ்டீயரிங் திருப்பிக் காட்டினாள்.