மூன்றாவது தண்ணீர்

பாஸ்தாவை இப்போது
மருந்துக் கடையில் வாங்குகிறேன்.
கோதுமை இல்லை, புரதம் இல்லை,
சோள மாவில் செய்த வெளிறிய சுருள்கள்.
கடைப்பெண் அதை இருமல் மருந்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்து நீட்டினாள்.
"ஒரு வேளைக்கு எத்தனை?" என்று கேட்டேன்.
நான் மட்டும் சிரித்தேன்.

முப்பத்தொரு வருடம்
மொன்ஃபல்கோனே கப்பல் பட்டறையில்
நானூறு பேருக்கு உலை வைத்தவன் நான்.
உப்பை அளந்ததில்லை, கை அளக்கும்.
அண்டாவுக்கு மேல் போய்த் தானாக விரியும்.
"உலைநீர் கடலாக இருக்கணும்டா!"
என்று புதுப் பையன்களிடம் கத்துவேன்.
வெல்டர்கள் தட்டை வழித்துவிட்டு
ஒரு வார்த்தை பேசாமல் போவார்கள்.
அதுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

இப்போது ஒருத்திக்கு மட்டும்.
நிவேஸின் சிறுநீரகங்கள்
நூற்றுக்குப் பதினெட்டு வேலை செய்கின்றன.
"இருப்பதைச் சிக்கனமாகச் செலவழித்தால்
எந்திரத்தை இரண்டு வருடம் தள்ளிப்போடலாம்"
என்றார் மருத்துவர் பிரெஸ்ஸான்,
அடகுக்கடைக்காரர் தவணை சொல்வது போல.

முதல் தண்ணீரில்
காலையிலிருந்து ஊறுகின்றன
சின்னச் சின்னதாய் நறுக்கிய காலிஃபிளவரும் கேரட்டும்.
அதைக் கொட்டு.
இரண்டாவது தண்ணீரில் கொதித்து
காயின் சாரமெல்லாம் இறங்கி
வீடே மணக்கிறது.
அதையும் கொட்டு.
சமையல்காரனை அவமானப்படுத்த
இதைவிட வேறு வழியில்லை,
சூப்புக்கு உயிரான நீரைச்
சாக்கடைக்கு ஊட்டவேண்டும்.
"பொட்டாசியம்" என்கிறேன்
கெட்ட வார்த்தை சொல்வது போல.

மூன்றாவது தண்ணீர் பாஸ்தாவுக்கு.
நுரை பொங்குகிறது.
கை மேலே போகிறது,
இடது அலமாரி, இரண்டாம் தட்டு.
ஜாடி அங்கே இல்லை.
மூன்றாம் மாடி ஸோராவின் வீட்டில்
அதை அடைக்கலம் வைத்து ஆறு மாதம்.
கையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

குடைமிளகாயைத் தோல் கருகச் சுட்டேன்.
வெங்காயத்துக்கு நாற்பது நிமிடம் கொடுத்தேன்.
பூண்டு, புதினா, மிளகு,
எலுமிச்சைத் தோலின் மஞ்சள் மட்டும்.
தக்காளி கிடையாது.
பாலாடைக்கட்டியைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றவனுக்கு
இரண்டு சிறுநீரகமும்
நன்றாக இருந்திருக்கும்.

வெளியே போரா காற்று
துறைமுகத்தைப் பிடித்து உலுக்குகிறது.
நிவேஸ் மெல்கிறாள்.
முதல் வாரம் "ஈரச் சுவரை நக்குவது போல" என்றவள்
இன்று "குடைமிளகாய் ஏதோ சொல்ல வருகிறது" என்றாள்.
பிறகு முள்கரண்டியை வைத்தாள்.
எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள்.
என் மீசையில் மூக்கை வைத்து
மூச்சை இழுத்தாள்.

"நெத்திலி."

மீன்கடை உசியோ தருவான்,
கதவுக்குப் பின்னால் நின்றபடி
ரொட்டித் துண்டின் மேல் நான்கு உப்பு நெத்திலி.
பிறகு தெருக்குழாயில் வாய் கொப்பளித்து
சோம்பு மென்று வருவேன்.
"எத்தனை நாளாய்?"
"பிப்ரவரியிலிருந்து."
இன்னொருத்தி வீட்டிலிருந்து வந்தவன் போல நின்றேன்.

அவள் சிரித்தாள் என்று எழுத ஆசை.
சிரிக்கவில்லை.
"ஜாடியைக் கொண்டு வா.
உன் தட்டில் போட்டுக்கொள், என் எதிரில் தின்னு.
நீ ஒளிந்து தின்றால்
நான் ஏற்கெனவே செத்துவிட்டது போல் இருக்கிறது."

மாடிப்படி ஏறினேன்.
ஜாடி பாதி காலி.
"அவசரத்துக்கு எடுத்தேன்" என்றாள் ஸோரா,
கண்ணைப் பார்க்காமல்.

என் தட்டுக்கு மேல் கை விரிந்தது.
ஒரு வாய் தின்றேன்.
நிவேஸ் முகவாயைக் கையில் தாங்கி
என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எப்படி இருக்கிறது, சொல்."
தேடினேன்.
"கடல் மாதிரி" என்றேன்.
"பொய். பத்து வயதில் பார்கோலாவில் மூழ்கி
அரைக் கடலைக் குடித்தவள் நான்.
அது இவ்வளவு நன்றாக இருக்காது.
ஒழுங்காகச் சொல்."

பாஸ்தா ஆறிக்கொண்டிருந்தது.
இன்னொரு வாய் எடுத்து
மறுபடி தொடங்கினேன்.