பத்தடி

நேற்று நீர்ப்பாசனத் திணைக்களத்துப் பெடியன் வந்தான்.
மழைக்கோட்டு, ஐந்து பற்றரி டோர்ச், துருசுத் திறப்பு
மூன்றையும் ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம்.
கோட்டைக் கொடுத்தேன், கைமுட்டில் நான் வைத்த ஒட்டோடு.
டோர்ச்சைக் கொடுத்தேன்.
திறப்பைக் காணவில்லை என்றேன்.

அது அடுப்படியில், அரிசிப் பானைக்குப் பின்னால்
நல்லெண்ணெய்த் துணி சுற்றிக் கிடக்கிறது.
உங்களுக்குத் தெரியும்.

ஊர் உங்களைக் குளத்தார் என்றது.
குளத்தாருக்கு நீந்தத் தெரியாதென்பது எனக்கு மட்டும் தெரியும்.
முழங்காலுக்கு மேலே தண்ணீர் ஏறினால்
என் கையைத் தேடுவீர்கள்.
குளத்து மீனும் தின்னமாட்டீர்கள்.
"கூட வேலை செய்யிறதுகளை எப்பிடியப்பா தின்னுறது?"

இரவு மழை தகரத்தில் இறங்கும்போது
படுத்தபடியே கணக்குச் சொல்வீர்கள்: "ஒண்டேகால் அங்குலம்."
விடியப் போய் மழைமானியைப் பார்த்து
அது ஒன்றரை என்றால்
அன்று முழுக்க உங்கள் முகம் சரியில்லை.

என் தம்பி குகதாசனின் வயல் வாய்க்காலின் கடைசி.
"எரிஞ்சு போகுது அத்தான், ஒரு மணித்தியாலம் முந்தி விடுங்கோ"
என்று முற்றத்தில் நின்று கேட்டான்.
தேத்தண்ணி கொடுத்தீர்கள்.
தண்ணி கொடுக்கவில்லை.
இரண்டு வருடம் அவன் எங்கள் படலையைத் திறக்கவில்லை.
நானும் மூன்று நாள் கதைக்கவில்லை.
நாலாம் நாள், உப்பே போடாத குழம்பைச்
சத்தமில்லாமல் தின்று முடித்தீர்கள்.
சிரிப்பு வந்துவிட்டது.

மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோது
சனம் கூரைத் தகரம் கழற்றியது, கதவு நிலை கழற்றியது.
நீங்கள் ஒரு இரும்புத் திறப்பைத் துணியில் சுற்றினீர்கள்.
"பூட்ட வீடில்லை, திறக்கக் குளமில்லை, இது என்னத்துக்கு?"
றோட்டில் வைத்துக் கத்தினேன்.
தருமபுரம், சுதந்திரபுரம், மாத்தளன்.
அரிசி போனது. காணி உறுதி போனது.
பிறகு யாழினி.
அதைப்பற்றி நாம் இருவரும் பேசியதில்லை.
இங்கேயும் பேசவில்லை.

செட்டிகுளத்து முகாமில்
பவுசருக்கு முன்னால் வாளியோடு வரிசையில் நின்றீர்கள்,
ஆயிரத்து நானூறு ஏக்கருக்குத் தண்ணீர் பிரித்த மனிதன்.
அப்போதும்
குழாய் ஒழுகுது, மணித்தியாலத்துக்கு மூண்டு கலன் வீண் என்று
காவலுக்கு நின்றவனுக்கு, பாஷை தெரியாமல்,
கையாலேயே விளங்கப்படுத்தினீர்கள்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி, ஏழாம் கட்டில்.
சிறுநீரகம்.
இனித் தண்ணீரை அளந்துதான் குடிக்கவேணும் என்று டொக்டர் சொல்ல
நீங்கள் சிரித்த சிரிப்பு அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை.

ஆவணி மாதம். குளம் நாலடிக்கு இறங்கிச்
சேற்றில் எருமைகள் நின்றன.
"எத்தினை?" என்றீர்கள்.
"பத்தடி" என்றேன்.
கண்ணைத் திறந்து கனநேரம் என்னைப் பார்த்தீர்கள்.
"ஆவணியிலையோ?"
அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

முப்பத்தொரு வருடத்தில் நான் சொன்ன ஒரே பொய்
அதுதான் என்றால், இதுவும் பொய்.
சேலை விலைகள் தனிக் கணக்கு.

இன்று மார்கழி பதினெட்டு.
மழை விட்டுப் பன்னிரண்டு நாள். வயல்கள் குடலையில் நிற்கின்றன.
குளக்கட்டில் சனம்.
பெடியன் குறட்டாலும் கம்பியாலும்
துருசோடு மல்லுக்கட்டுகிறான் என்று கேள்வி.
அரிசிப் பானையை நகர்த்தினேன்.

குகதாசனும் நின்றான். என் கையைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லாமல் வழி விட்டான்.
"தம்பி, முதல் பின்னுக்கு அரைச் சுத்து.
பிறகுதான் முன்னுக்கு."
"ஆரம்மா சொன்னது?"
"இவர்."

வாய்க்காலில் தண்ணீர் இறங்கிய சத்தம்
உங்கள் செருமலைப்போல இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
இல்லை. தண்ணீரைப்போலத்தான் இருந்தது.

திரும்பும்போது அளவுகோலை நானே பார்த்தேன்.
பதினெட்டடி ஆறங்குலம்.
இந்தமுறை பொய்யில்லை.
ஐமிச்சமெண்டால்
எழும்பி வந்து பாருங்கோ.