மீட்டர் பெட்டியில் சாவி

யானைமலைக்கு இந்தப் பக்கம், நரசிங்கத்தில்
பச்சை வலை போட்ட கொட்டகை.
நூற்றிருபது தொட்டி தட்டைப்பயறு.
சிலதுக்குப் பூஞ்சணம் மட்டும்,
சிலதுக்குப் பாக்டீரியா மட்டும்,
சிலதுக்கு இரண்டும்.
மிச்சத்துக்கு அவித்த மண், வெறும் தண்ணீர்.

இன்று நாற்பத்தைந்தாம் நாள், வெள்ளி.
ஒச்சம்மா தொட்டியைக் கவிழ்த்துத் தூரைத் தட்டுகிறாள்.
நான் எண்ணுகிறேன்.
ஒரு வேரில் முப்பத்தியொரு முடிச்சு.
நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு.
"இதென்ன, ரத்தமா?"
ரத்தத்துக்குப் பங்காளி என்றேன்.
மூச்சுக்காற்றை அளந்து அளந்து உள்ளே விடும்,
கொஞ்சம் கூடினாலும் வேலை நின்றுபோகும்.
"வெள்ளிக்கிழமையும் அதுவுமா கவுச்சியில கைய வைக்க விட்டியே"
என்று முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

பூஞ்சணத்தைப் பார்க்க மெனக்கெட வேண்டும்.
வேரைக் காரத்தில் வேகவைத்து
வினிகரில் பேனா மை கலந்து ஊறப்போட்டு
(மை, ஒத்தக்கடை பஸ் நிறுத்தத்துக் கடையில் வாங்கியது.
பில் வைத்தால் ஆடிட்டர் சிரிப்பார்)
லென்ஸில் கண்ணை வைத்தால்
அறைக்கு அறை ஒரு நீல மரம்.
இலை கிடையாது. கிளை, கிளைக்குக் கிளை.
வேர் எட்டாத மண்ணிடுக்கில்
இழை போய்ப் பொறுக்கி வந்த மணிச்சத்தை
இங்கேதான் இறக்கிவைக்கிறது.

அது வராமல் முடிச்சுக்குள் அடுப்பெரியாது.
காற்றில் தழைச்சத்தின் இரண்டு அணுக்கள்
தங்களுக்குள் போட்டிருப்பதும் மூன்று முடிச்சு,
தாலியைவிடக் கெட்டி.
அவிழ்க்க அவ்வளவு விறகு வேண்டும்.
ஒருவன் சுமந்த விறகில் இன்னொருவன் சமைக்கிறான்,
செடி இருவருக்கும் சர்க்கரையில் கூலி கொடுக்கிறது.
விறகுக்காரனும் சமையல்காரனும்
முகம் பார்த்திருப்பார்களா, தெரியவில்லை.

நானும் பிலோமியும் அப்படித்தான்.
அவளுக்குப் பெரியாஸ்பத்திரியில் இரவு வேலை.
ஓர் அறை, ஒரு சாவி,
அது மீட்டர் பெட்டிக்குள் இருக்கும்.
நான் காய்ச்சிய பாலை அவள் குடிக்கிறாள்,
அவள் மடித்த போர்வையில் நான் தூங்குகிறேன்.

டிஏபி போட்ட தொட்டிகள் கருகருவென்று நிற்கின்றன.
பிடுங்கினால் வேர் மொட்டை.
பசிக்காத செடி யாரையும் கூப்பிடுவதில்லை.
ஒச்சம்மா வேரை ஒரு தரம் முகர்ந்துவிட்டு
"வயிறு ரொம்புனதும் வாசல அடச்சிருச்சு" என்றாள்.
அதைக் குறிப்பேட்டில் எழுத இடமில்லை.

கடைசி வரிசை, பதினைந்து தொட்டி.
மரபில் ஓர் எழுத்து பிசகிய விதை.
இலை வெளிறிச் செடி சாணளவில் நின்றுவிட்டது.
பசி இருக்கிறது, கூப்பிட்டும் இருக்கும்.
இரண்டையும்தான் ஊற்றினோம்.
ஒரு முடிச்சில்லை, ஒரு நீல மரமில்லை.
இழை தோல்வரை வந்து
வீங்கி, அப்படியே நின்றிருக்கிறது.

பூட்டு ஒன்றுதான்.
நாற்பது கோடி வருஷத்துக்கு முன்
வேர் என்று சொல்ல ஒன்றுமில்லாத காலத்தில்
பூஞ்சணத்துக்காகச் செய்த பூட்டு.
பாக்டீரியா எவ்வளவோ பிந்தி வந்து
அதே துவாரத்துக்குச் சாவி வெட்டிக்கொண்டது.
பூட்டு பழுதானால் பழையவனும் வெளியே,
புதியவனும் வெளியே.

பதினைந்து பூஜ்யம் எழுதி முடித்து
பேனாவைச் சட்டைப்பையில் போட்டேன்.
கிளிங் என்றது.

மணி பன்னிரண்டே கால்.
லாக்கரில் கிடந்த போனில் ஒன்பது அழைப்பு.
காலை எட்டரையிலிருந்து ஒன்பது.

வண்டியை விரட்டிப் போனால்
படிக்கட்டில், வெள்ளைச் சீருடையோடு,
டிபன் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறாள்.
மூன்று வாரமாகிறது அவள் முகத்தைப் பார்த்து.
உதட்டோரம் புதிதாய் ஒரு கொப்புளம்.

எழுப்பினேன். திட்டுவாள் என்று நின்றேன்.
என் விரலைப் பிடித்து
"மையா?" என்றாள்.
கதவைத் திறந்தேன்.
இரண்டு பேர் சேர்ந்து நுழைய
அந்தக் கதவு கொஞ்சம் குறுகல்தான்.