கச்சானோடு ஒரு வழக்கு

தம்பிலுவிலில் இன்றோடு பதினொரு நாள்,
கச்சான் ஓயவில்லை.
கொடியில் போட்ட சாரத்தைக் கருவாடாக்கிற்று.
உதட்டை வெடிக்க வைத்தது.
வாளித் தண்ணீரில் கால்வாசியைக்
கேட்காமல் குடித்துவிட்டுப் போனது.
ஈரம் எந்த மூலையில் இருந்தாலும்
மணந்து வந்துவிடும்.

கெக்கரிக்காய்க்குள் இருப்பது மட்டும்
அதற்கு இன்னும் தெரியாது.

திருக்கோவில் ஆஸ்பத்திரியில்
நாற்பத்தொரு பேரின் நரம்பைத் தேடித் தடவி
குழாய் குழாயாய் இரத்தம் எடுத்துவிட்டு
ஒன்றரை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன்.
மணல் செருப்பைத் தாண்டிச் சுடுகிறது.
மேலே ஒன்று எரிகிறதே, போதாதா?
காஸ் சிலிண்டரின் கழுத்தைத் திருகி
இறுக்கி மூடினேன்.

"ஆடு தின்னுறத மனிசன் தின்னுறதாகா?"
லோகிதன் முதல் நாள் கேட்டான்.
கொதிக்காதது எதுவும் கறியில்லை அவனுக்கு.
பேசாமல் வெட்டினேன்.
தேசிப்புளியில் ஊறி
வெட்கப்பட்ட நிறத்துக்கு வந்த சின்ன வெங்காயம்,
தோலோடு கெக்கரி,
முட்டியின் விளிம்பில் கட்டியாய்க் கிடந்த எருமைத் தயிர்,
வேலியோரத்து வல்லாரை ஒரு பிடி,
நரம்பு நரம்பாய் அரிந்து.

"உப்பைக் கடைசியாகப் போடுங்க,
முந்திப் போட்டா அழும்"
என்று சொல்லியிருந்தாள் றிஸ்மியா.
லாப்பில் பக்கத்துக் கதிரை,
அக்கரைப்பற்றுக்காரி.
மாதுளம் முத்துகளையும் போடச் சொன்னாள்.
நாள் முழுக்க அந்த நிறத்தையே பார்க்கிறேன்,
அது மட்டும் வேண்டாமென்றேன்.
சிரித்தாள்,
கையில் என்னுடைய அடுத்த குழாய்.

லோகிதன் தின்றான்.
நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும்.
இரவு தேத்தண்ணிக் கடையில்
இரண்டு ரொட்டி தின்றதை
மீசை காட்டிக்கொடுத்தது.

மறுநாள் மாங்காய்.
மாசித் தூளும் பச்சைக் கொச்சிக்காயும் தேங்காய்ப்பூவும்.
கண்ணில் தண்ணீர் வரத் தின்றான்,
மூக்கை உறிஞ்சிக்கொண்டு
"இது சம்பல், இதைச் சேர்க்காதே கணக்கில்" என்றான்.

மூன்றாம் நாள் நான் வருமுன்னே
வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை.
மஞ்சளும் சிவப்புமாய்க் கஜுப்பழம்.
தவநாயகி வளவில்
கொட்டையைத் திருகி எடுத்து
பழத்தை மாட்டுக்கு எறிகிறார்களாம்.
வெள்ளைச் சேட்டின் முன்பக்கம் முழுக்க
பொறுக்கி வந்த கறை.
அது போகாது என்று எனக்குத் தெரியும்.
அவனுக்கும் தெரியும்.

கஜுப்பழத்தைச் சும்மா தின்றால்
தொண்டையை அரம் போட்டு அராவும்.
மெல்லிய வட்டமாய் அரிந்து
உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன்.
எவ்வளவு நேரமென்று கேட்காதீர்கள்,
குளித்துவிட்டு வரும் நேரம்.
பிழிந்தேன்.
மிளகு இடித்துப் போட்டேன்.
வெங்காயம், தேசி, மிஞ்சிய கெக்கரி.
உப்பை மறந்துபோய்
முதலிலேயே போட்டுவிட்டேன்,
எல்லாம் சேர்ந்து அழத் தொடங்கிற்று.

கோப்பையின் அடியில்
கால் விரல் ஆழத்துக்குத் தண்ணீர்.
கலங்கலாய், புளிப்பாய்,
கொஞ்சம் கஜு மணமாய்.
ஊற்றிவிட எழுந்தேன்.
கையைப் பிடித்து நிறுத்தி
கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி
அவன் குடித்தான்.
தொண்டைக் குழி ஏறி இறங்கியது.
பாதியில் நிறுத்தி
என் பக்கம் நீட்டினான்.

கதவை அடித்துப் பார்க்கிறது கச்சான்.
அடிக்கட்டும்.
நாடா வைத்துக் கட்டியிருக்கிறேன்.

அந்தச் சேட்டைச்
சவர்க்காரத்தில் ஊற வைத்திருக்கிறேன் இப்போது.
விடாது என்று தெரிந்தே.
நாளைக்கு என்ன என்று கேட்கிறான்,
கேட்டுவிட்டு, ரொட்டிக்கடைப் பக்கம் இருக்கும்
செருப்பைத் தேடுகிறான்.