கிழித்த தாளின் பின்பக்கம்

ஆறு மணி என்றுதான் பேச்சு.
சித்திரையில், சத்துவாச்சாரி மாடிவீட்டில்,
காபி ஆறும்வரை உட்கார்ந்து பேசினோம்.
சம்பளம் பேசினோம், ஞாயிறு பேசினோம்,
பிள்ளைக்கு முட்டை ஒத்துக்காது என்பதுவரை பேசினோம்.
ஆறு மணிக்குப் பிறகு என்ன என்று
இரண்டு பேருமே கேட்கவில்லை.

முதல் வாரம் ஆறேகால்.
"சாரி பவுனு, கிரீன் சர்க்கிள்ல மாட்டிக்கிட்டேன்."
பரவாயில்லைங்க என்றேன்.
அந்தப் பரவாயில்லை
ஆடியில் ஆறே முக்கால் ஆனது,
ஐப்பசியில் ஏழரை.

ஊசூருக்கு என் பஸ் ஆறு நாற்பது.

அவங்களும் சும்மா இருக்கிறவங்க இல்லை,
ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிற வேலை.
மூடுகிற நேரத்தில் ஒரு குப்பி வந்தால்
அது யாரோ ஒருத்தருடைய ராத்திரி.
அதன்முன்னால் என் பஸ்ஸை
எந்த வாயால் சொல்வது?

சொல்லவில்லை. எழுதினேன்.
காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம்,
பிள்ளையின் கிரேயானால்:
ஏழு பத்து. ஏழு இருபத்தைந்து. எட்டு.
கேட்பதற்காக அல்ல.
கோபத்தை எங்காவது வைக்க வேண்டுமே.

அன்றைக்கு ஒன்பது மணிக்கு வீடு திரும்பினேன்.
பக்கத்து வீட்டு தில்ஷாத் அக்கா மடியோரம்
என் மகள் தூங்கிவிட்டிருந்தாள்.
முறத்தில் பாதி இலை அப்படியே கிடந்தது.
"சாப்ட்டா" என்றாள் அக்கா,
பிறகு நிமிராமலே,
"நூறு பீடி கம்மி இன்னிக்கு."
"சாரிக்கா, பஸ் போயிடுச்சு."

என் வாயிலிருந்து வந்தது
மாடிவீட்டுக் குரல்.

மறுநாள் தாள்களை மேஜைமேல் வைத்தேன்.
அவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார்.
முகம் சிவந்தது.
"நீ லேட்டா வந்த நாளெல்லாம்?"
"அடியில இருக்குதுங்க."
பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்ற இருபது நிமிஷம்,
மகளுக்குக் காய்ச்சல் கண்ட அரை நாள்,
அதே கிரேயான், அதே பச்சை.

போனில் கூட்டினார், கழித்தார்.
இனி அரை மணிக்கு அறுபது,
ஏழு தாண்டினால் ஆட்டோ,
பிந்தும் என்று தெரிந்ததும் ஒரு போன்.
ஒரு வாரம் காபி வரவில்லை.
பிறகு வந்தது, சர்க்கரை கொஞ்சம் குறைவாக.

முதல் அறுபதை அக்காவிடம் நீட்டினேன்.
"எதுக்குடி இம்மாம்?
அரை மணிக்கு அம்பது பீடி.
அம்பது பீடிக்குப் பதிமூணு ரூபா."
பதிமூன்றை எண்ணி எடுத்துக்கொண்டாள்,
மீதியை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

ஒரே அரை மணி நேரம்.
அங்கே அறுபது, இங்கே பதிமூன்று,
நடுவில் ஒரு பஸ்.

இந்த நாற்பத்தேழு யாருடையது?
தாளை எடுத்துவிட்டேன்.
இன்னும் எழுதவில்லை.